கலவை சாதத்துக்கு எத்தனை கலோரி?

வேலூர்ப் பக்கம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒன்று தோல். இன்னொன்று ஆம்பூர் பிரியாணி. ஆனால் பிரியாணி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை சமாசாரம். திங்கள் முதல் சனி வரை ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நிற்கிற பெண்களின் பையில் இருக்கும் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தால் புளிசாதம், எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம் என்றுதான் இருக்கும். மொத்தத்தில் கலவை சாதம்.

கலவை என்று ஒரு ஊரே இங்கே இருக்கிறது. ஆற்காட்டிலிருந்து பஸ் ஏறினால் போகலாம். 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம், அதற்குப் பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். அந்தக் கலவையில் ஒரு வீட்டில் கலவை சாதத்துக்குக் கலோரிக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கதைதான் இது. (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், விஷயம் கொஞ்சம் சீரியஸ்.)

அந்த வீட்டு அம்மாவுக்கு வயது நாற்பத்திரண்டு. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை. காலை நாலரைக்கு எழுந்து, நாலு பேருக்கும் சமைத்து, பாக்ஸ் கட்டி வைத்துவிட்டு, ஆறே முக்காலுக்கு பஸ் ஏற வேண்டும். இந்த வருஷ ஆரம்பத்தில் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "உடம்பைக் குறைக்கணும், ஒரு நாளைக்கு 1500 கலோரிக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

1500 கலோரி. சரி. ஆனால் ஒரு கரண்டி புளிசாதத்தில் எத்தனை கலோரி?

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகள் இருந்தாள். ஆன்லைன் கிளாஸ் காலத்தில் கடன் சொல்லி வாங்கிய போனும் இருந்தது. "நான் பாத்து சொல்றேன்மா" என்று உட்கார்ந்தாள்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். புளிசாதம் என்று பெயரைப் போட்டுத் தேடினாள். வந்த விடைகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம். ஒருவர் கப் என்கிறார், ஒருவர் கிண்ணம் என்கிறார், ஒருவர் 'ஒரு சர்விங்' என்று சொல்லிவிட்டு எவ்வளவு என்றே சொல்லவில்லை. அதில் எதுவும் அம்மா செய்கிற புளிசாதம் இல்லை.

அப்புறம்தான் சமையல் குறிப்பைக் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தருகிற வசதி இருப்பது தெரிந்தது. என்னென்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று சொன்னால் போதும். 2005இல் வந்த மைஃபிட்னஸ்பால், 2012இல் பெங்களூரில் தொடங்கிய ஹெல்த்திஃபைமி என்று பல செயலிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு பொருளின் எடையையும் அதன் 100 கிராம் கலோரியோடு பெருக்கிக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுப்பது. காமர்ஸ் படிப்பவர்கள் காஸ்ட் ஷீட் போடுவதைப் போலத்தான்.

அம்மாவிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினாள். அரிசி அரைக் கிலோ. நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி. வேர்க்கடலை 50 கிராம். புளி 50 கிராம். கடலைப் பருப்பு 20, உளுத்தம் பருப்பு 10, வெல்லம் 10. மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் கணக்கில் சேர்க்கிற அளவுக்கு இல்லை. நாலு பேர். பட்டனை அழுத்தினாள். ஒரு ஆளுக்கு 366 கலோரி!

"இன்னாடி, அவ்ளோதானா?" என்று அம்மாவுக்கே ஆச்சரியம். மதியத்துக்கு 366 என்றால் 1500க்கு இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறதே. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு வாரம் அந்தச் சந்தோஷத்திலேயே போயிற்று.

அந்தக் கணக்கில் இரண்டு ஓட்டை இருந்தது.

முதல் ஓட்டை, அரிசி. அவள் போட்ட 500 கிராம் பச்சையாக அளந்த அரிசி. செயலியில் அவள் தேர்ந்தெடுத்ததோ 'சாதம்'. வெந்த வெள்ளைச் சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 345. அரிசி வேகும்போது தண்ணீரைக் குடித்து எடை கூடுகிறது, தண்ணீருக்குக் கலோரி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். 650 என்று வந்த இடத்தில் 1725 வந்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, கரண்டி. செயலிக்குத் தெரிந்த கரண்டி 15 மில்லி பிடிக்கும். ரெண்டு கரண்டி என்றால் அதற்கு 27 கிராம் எண்ணெய். அம்மாவின் குழிக்கரண்டி அந்த ரகம் இல்லை. ஒரு நாள் அதே இரண்டு கரண்டி எண்ணெயை ஒரு டம்ளரில் ஊற்றி, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தார்கள். டம்ளர் எடை போக 75 கிராம். எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு 9 கலோரி. 243 என்று போட்ட இடத்தில் 675.

திருத்திக் கூட்டினால் மொத்தம் 2973. நாலால் வகுத்தால் 743. முதலில் வந்ததைப் போல இரண்டு மடங்கு!

நடுவில் இன்னொரு கூத்தும் நடந்தது. வெளிநாட்டுச் செயலியை நம்ப வேண்டாம், நம் நாட்டு அட்டவணையையே பார்ப்போம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலைத் தேடி எடுத்தாள். அதில் அரிசிக்கு நேராக 1491 என்று இருந்தது. நூறு கிராம் அரிசிக்கு 1491ஆ? ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது. அப்புறம் பார்த்தால் அது கலோரி இல்லை, கிலோ ஜூல். 4.184ஆல் வகுத்தால் 356. உயிர் வந்தது.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், வேர் நம்ம தமிழ்நாட்டு மலை மேலேயே இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரு சின்ன அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் ஆனது. அதன் இயக்குநராக இருந்த அய்க்ராய்ட் காலத்தில், 1937இல், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை ஒரு சிறு வெளியீடாக வந்தது. 1958இல் ஆராய்ச்சிக்கூடம் ஹைதராபாத்துக்குப் போனது, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் அவருடைய சகாக்களும் சேர்ந்து 1971இல் கொண்டுவந்த புத்தகம்தான் அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தியா முழுக்க ஊட்டச்சத்து படித்தவர்களுக்குப் பாடம். அரிசிக்கு 345 என்பது அந்தப் புத்தகத்துக் கணக்கு. 2017 பட்டியலுக்காக நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, 528 உணவுப் பொருள்களைச் சேகரித்துச் சோதித்தார்கள்.

345க்கும் 356க்கும் வித்தியாசம் மூன்று சதவீதம்தான். இதைக் கவனிக்க வேண்டும். அட்டவணையில் வரும் தவறு மூன்று சதவீதம். குழிக்கரண்டியிலும் அரிசி, சாதம் குழப்பத்திலும் வந்த தவறு இரண்டு மடங்கு. எந்த அட்டவணை நல்லது என்று சண்டை போடுவதை விட, நம் வீட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு தடவை அளந்துவிடுவது மேல்.

கேழ்வரகும் இந்த அட்டவணையில் மாட்டியது. சர்க்கரை என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்ன வைத்தியம், "ராத்திரிக்கு கேவுரு களி சாப்பிடு, ஒண்ணும் பண்ணாது" என்பது. கேழ்வரகு மாவு 100 கிராமுக்கு 328 கலோரி. அரிசிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் கேழ்வரகில் அதிகம், அதனால் நல்லதுதான். ஆனால் கணக்கே இல்லாமல் உருட்டி உருட்டி விழுங்கலாம் என்று அர்த்தம் இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் கணக்குப் பாடம். இனிமேல்தான் விஷயமே.

743 என்று மகள் சொன்னது அம்மாவின் மனதில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. 1500இல் பாதியை ஒரு டிபன் பாக்ஸே தின்றுவிடுகிறதே! அம்மா யாரிடமும் சொல்லாமல் தானே ஒரு முடிவு எடுத்தாள். மதிய பாக்ஸில் பாதி சோறு மட்டும் வைத்துக்கொண்டாள். காலையில் பஸ் வருவதற்குள் அவசரமாக வாயில் போட்டுக்கொள்ளும் ரெண்டு இட்லியையும் நிறுத்தினாள். மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிவாக்கில் மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஊசி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து மெஷின் பெண் பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்து, கீழே உட்கார வைத்து, யாரோ பையில் வைத்திருந்த சாக்லேட்டை வாயில் போட்டாள். கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. வீட்டில் சொன்னால் மகள் பயந்துவிடுவாள் என்று சொல்லவும் இல்லை.

அது வெளியே வந்தது வேறு வழியில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் இல்லையா? அந்தத் தன்னார்வலர் அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தபோது மாத்திரையைக் கொடுத்துவிட்டுச் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"காலைல இன்னாக்கா சாப்ட்டு போற?"

"காலைல ஒண்ணும் இல்ல. டீ மட்டும். சக்கரை போடாம."

"மாத்திரை?"

"அது போட்டுக்குவேன். அத வுடவே மாட்டேன்."

"ஐயய்யோ, சாப்பிடாம இந்த மாத்திரை போடக் கூடாதுக்கா. மயக்கம் கியக்கம் வந்துச்சா?"

அம்மா வாய் திறக்கவில்லை. திறக்காததிலேயே மகளுக்குப் புரிந்துவிட்டது.

சர்க்கரை மாத்திரையில் சில வகை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் அந்த வகை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். சர்க்கரை ஏறுவது வருஷக்கணக்கில் கெடுக்கும், இறங்குவது நிமிஷக்கணக்கில் ஆளைச் சாய்க்கும். இத்தனை நாள் அத்தனை செயலியைத் தட்டியும், 'காலையில் சாப்பிட்டாயா?' என்ற கேள்வி அந்த வீட்டில் எழவில்லை. கேட்க ஒரு அக்கா வர வேண்டியிருந்தது.

மறுநாள் மகள் இன்னொரு வேலை செய்தாள். மளிகைக் கடைக்காரரிடம் தராசை இரவல் கேட்டு முந்தின ராத்திரியே வாங்கி வைத்திருந்தாள். விடியற்காலையில் அம்மாவோடு எழுந்து, காலிக் குண்டானை முதலில் நிறுத்தாள். புளிசாதம் கிளறி முடித்ததும் குண்டானோடு நிறுத்தாள். குண்டான் எடை போக 1600 கிராம். "எப்பவும் கட்டற மாதிரியே கட்டும்மா, நீ கொறைக்கறதுக்கு முன்னாடி கட்டுவியே அப்படி" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு பாக்ஸாக நிறுத்தாள்.

அப்பா பாக்ஸ் 550 கிராம். தம்பிக்கு 400. மகளுக்கு 350. கடைசியாகக் குண்டானில் மிஞ்சியது அம்மாவுக்கு, 300 கிராம். வேர்க்கடலை தம்பிக்குப் பிடிக்கும் என்று பாதிக்கு மேல் அவன் பாக்ஸில்.

கலோரியாகப் பார்த்தால் அப்பாவுக்கு 1022, தம்பிக்கு 743, மகளுக்கு 650, அம்மாவுக்கு 557. கடலை போனதைக் கழித்தால் இன்னும் கீழே. அம்மா பயந்துபோய் அதிலும் பாதியாகக் குறைத்த நாட்களில் 279தான். விடியற்காலை நாலரையிலிருந்து சாயந்திரம் வீடு திரும்பும் வரை, மாத்திரை போட்டுக்கொண்டு, மெஷின் மிதித்துக்கொண்டு, 279 கலோரியும் இரண்டு டீயும். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பசி தாங்காமல் மிச்சம் மீதி அத்தனையையும் சேர்த்துச் சாப்பிட்டுப் படுக்கை.

ஆக, பெருக்கலும் கூட்டலும் சரி. தப்பு எங்கே என்றால் நாலால் வகுத்ததில். செயலி கேட்டது 'எத்தனை பேர்?' என்று. 'யாருக்கு எவ்வளவு? யார் கடைசி?' என்று கேட்கவில்லை. காஸ்ட் அக்கவுண்டிங் தெரிந்தவர்களுக்கு இது பழகின தலைவலி. மொத்தச் செலவைக் கூட்டுவது சுலபம், அதை எந்தத் துறைக்கு எவ்வளவு என்று பிரிப்பதில்தான் எல்லாப் பொய்யும் நுழையும்.

இந்தத் தப்பைச் செய்தது பிளஸ் டூ பெண் மட்டும் இல்லை. 1979இல் திட்டக் குழுவின் பணிக்குழு வறுமைக்கோடு போட்டபோது, கிராமத்தில் ஆளுக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100 என்று வைத்துத்தான் போட்டார்கள். தேசிய மாதிரி ஆய்வில் வீடு வீடாகப் போய் அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு என்று கேட்டு, அட்டவணையை வைத்துக் கலோரியாக மாற்றி, தலைக்கு எவ்வளவு என்று வகுத்தார்கள். 2009இல் டெண்டுல்கர் குழு வந்துதான் வறுமைக்கோட்டைக் கலோரியிலிருந்து கழற்றிவிட்டது. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 0.8 என்று தேவையைப் பிரிக்கிற 'நுகர்வு அலகு' என்ற ஏற்பாடும் உண்டு. அதுவும் யாருக்கு எவ்வளவு தேவை என்று சொல்லுமே தவிர, யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் சமையலறையில் கரண்டி பிடிக்கிறவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஹைதராபாத் நிறுவனத்தின் 2020 கணக்குப்படி 55 கிலோ எடையுள்ள, மிதமான உடலுழைப்பு உள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2130 கலோரி தேவை. உடம்பைக் குறைக்க டாக்டர் 1500 என்று சொன்னது அவருடைய கணக்கு, அதில் தவறில்லை. ஆனால் 1500 என்பது மூன்று வேளைக்கும் சேர்த்து. அதை ராத்திரி ஒரே வேளையில் இறக்க அவர் சொல்லவில்லை.

அந்த வாரமே அம்மாவும் மகளுமாக டாக்டரைப் போய்ப் பார்த்தார்கள். தராசுக் கணக்கை நோட்டோடு கொண்டுபோனாள் மகள். அவர் அதைப் பார்த்துவிட்டு மாத்திரை நேரத்தை மாற்றினார். காலைச் சாப்பாட்டைக் கட்டாயமாக்கினார். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கச் சொன்னார்.

இப்போது அந்த வீட்டில் புளிசாதம் அதே புளிசாதம்தான். எண்ணெய் மட்டும் ரெண்டு கரண்டியிலிருந்து ஒன்றேகால் ஆகியிருக்கிறது. காலை ரெண்டு இட்லி தனி டப்பாவில் பஸ்ஸுக்குப் போகிறது. மதியச் சோற்றோடு ஒரு அவித்த முட்டையும் ஏதாவது ஒரு பொரியலும். முக்கியமான மாற்றம், பாக்ஸ் கட்டுவது மகள். முதல் பாக்ஸ் அம்மாவுக்கு, வேர்க்கடலையோடு. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டாள்.

"மொதல்ல உங்கப்பாக்குக் கட்டுடி. எனக்கு இன்னா அவசரம்?"

"ஒனக்குத்தாம்மா பஸ்ஸு ஆறே முக்காலுக்கு. அப்பா ஒம்போது மணிக்குத்தான் போறாரு."

இதற்குப் பதில் இல்லை. நியாயம்தானே!

கொசுறு: வீட்டுச் சமையலுக்குக் கணக்குப் போட நினைப்பவர்களுக்கு அந்த நோட்டிலிருந்து சில குறிப்புகள். அரிசி, பருப்பை வேகும் முன் நிறுத்தால் வேகாத பொருளின் எண்ணையே எடுக்க வேண்டும். காலிப் பாத்திரத்தின் எடையை முதலில் எழுதி வைக்க வேண்டும். வடை, பஜ்ஜிக்குப் பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்துக் குறைந்ததைக் கணக்கில் எழுத வேண்டும். எண்ணெயை அளக்க முடியாவிட்டால் மாதம் எத்தனை பாக்கெட் என்று பார்த்தால் போதும். ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். நாலு பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் ஆனால், சராசரியாக ஆளுக்கு ஒரு நாளைக்கு 205 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கடைசியாக ஒன்று. 'எத்தனை பேர்' என்று செயலி கேட்கும்போது எண்ணைத் தட்டுவதற்கு முன்னால், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரின் தட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.